பூட்ஸ் போட்ட பொன்னாண்டியார்

"வலிக்குதாய்யா?"

"இல்ல புள்ள."

"பொய் சொல்லாத. கால்ல ரெண்டு வெரலு போயிருக்கு, வலிக்கலையாம். செருப்புப் போட்டுக்கிட்டு அந்தக் கல்லத் தூக்கியிருந்தா போயிருக்குமா?"

"அது சாமி மலை அங்காயி. மலையே அவருதான். அவரு மேல செருப்போட ஏற முடியுமா?"

"ஆடு ஏறுதே, குளம்போட! அதக் கழட்டிப்புட்டு வரச் சொல்றாரா ஒன் சாமி?"

அவர் மலை இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேட்டுக்க. ஒன் வெரல வாங்கிக்கிட்ட மலையில நான் வெறுங்காலோட ஏற மாட்டேன். என்னைக் கூப்பிடவும் கூடாது. கூப்பிட்டியோ, அன்னைக்கே எங்கண்ணன் ஊட்டுக்குப் பொட்டியக் கட்டிருவேன்."

"கூப்பிடல புள்ள. நீ அழுவாத."

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்ட பேச்சு இது. கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த அந்தக் கணவர், நெடும்பாறை மலையடிவாரத்தில் கல்லுடைத்துப் பிழைத்த பொன்னாண்டியார். கொடுத்த வாக்கை அவர் மீறவே இல்லை. ஆனால் மனைவியோடு ஒரே ஒரு முறை அந்தச் சந்நிதியில் நிற்க வேண்டும் என்ற ஆசை, தினமும் விடியற்காலையில் அவர் தொண்டை வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய நாள் ஒரு குடத்தில் தொடங்கும். அடிவாரச் சுனையில் நீர் மொண்டு, வெறுங்காலோடு மலையேறி, உச்சியில் இருக்கும் நெடும்பாறைநாதருக்கு அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு வருவார். பிறகுதான் சம்மட்டியைத் தொடுவார். முப்பது வருடமாக மழையிலும் காய்ச்சலிலும் தவறாத பணி அது. அந்தக் குடத்தை முந்தின நாளே புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று வைப்பவர் அங்காயி. "பரவாயில்லையே, சாமி மேல பாசம் வந்திருச்சா?" என்று யாராவது கேட்டால், "சாமிக்கு யாரு துலக்குனா? எம்புருசன் தூக்குறாரு, அதுக்குத் துலக்குறேன்" என்பார் வெடுக்கென்று.

மலைக்குப் புதிதாகப் படிக்கட்டு போடும் வேலை வந்தபோது, கல் உடைக்கவும் சுமக்கவும் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார்கள். பொன்னாண்டியார் அவர்களில் ஒருவர். மலையே லிங்கம் என்பதால் அங்கே யாரும் காலில் எதுவும் போடக் கூடாது. புரட்டாசி வெயிலிலும் பாறை தோசைக்கல்லாகக் கொதிக்கும். கல்லுக்கு அடியில் கால் மாட்டியவர், சில்லு குத்தியவர் எல்லாரும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒருநாள் நடுப்பகலில் பேச்சியம்மாள் என்ற கைம்பெண்ணின் குதிகாலை ஒரு சில்லு கிழித்துவிட்டது. இரத்தம் மூன்று படிகளுக்குச் சொட்டியது. அந்த அம்மாள் அழவில்லை. "சாமிகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தானே வந்தேன்" என்று சொல்லி, தலையில் இருந்த சும்மாட்டுத் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அடுத்த கல்லுக்குக் குனிந்தாள்.

பொன்னாண்டியாரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய்ச் சந்நிதிக்கு எதிரே நின்றார்.

"என் வெரல நான் குடுத்தேன். இஷ்டப்பட்டுக் குடுத்தேன். அவ குதிகால யாரு கேட்டா? நீ கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. உன் பேரச் சொல்லி வேற எவனோதான் கேக்குறான்."

அப்படியே திரும்பித் தர்மகர்த்தா தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனார். தீபாவளிக்கு வேலையாட்களுக்கு வேட்டியும் சேலையும் எடுத்துக் கொடுப்பது கோயில் வழக்கம். "எங்களுக்குத் துணி வேணாங்க. பன்னெண்டு ஜோடி பூட்ஸ் வாங்கிக் குடுங்க" என்றார்.

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்ப்பா, படிக்கட்டு போடுறீங்களா, எல்லைக்குச் சண்டைக்குப் போறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. வெயிலுக்கு வந்து பாருங்க."

பேச்சியம்மாளின் காலைப் பற்றி அவருக்கும் தகவல் போயிருந்தது. ஆள் விழுந்துவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற கவலையும் இருந்தது. "ரப்பரா இருந்தாப் போட்டுக்கங்க. தோல் மட்டும் மலையில ஏறப்படாது. மாட்டுத்தோலு சாமி மேல பட்டா தீட்டு" என்று முடித்து, முழங்கால் வரை வரும் கறுப்பு ரப்பர் பூட்ஸ்களை வரவழைத்தும் கொடுத்தார்.

சேற்றில் இறங்குகிறவர்களுக்கு அது நல்ல பொருள்தான். கொதிக்கும் பாறையில் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அரைமணி நேரத்தில் உள்ளே வேர்வை குளமாகக் கட்டிக்கொண்டது. நடந்தால் சளக் சளக் என்று சத்தம். ஆட்கள் சும்மா இருப்பார்களா? உளியை எடுத்து ஆளுக்கு நாலு ஓட்டை போட்டார்கள், வேர்வை வடியட்டும் என்று. வேர்வை வடிந்தது, அந்த ஓட்டை வழியே கல்சில்லு உள்ளே புகுந்தது. ஒரே வாரத்தில் வெறுங்காலே தேவலாம் என்று பூட்ஸைக் கழற்றி எறிந்தார்கள்.

"பொன்னாண்டியண்ணே, நல்லா வாங்கிக் குடுத்தீங்க, கால்ல போடுற சல்லடை!" என்று கேலி வேறு.

அவருக்குக் கோபம் வரவில்லை. தப்பு எங்கே என்று யோசித்தார். மறுநாள் உச்சிப்பொழுதில் பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, காலியான சிமெண்டுப் பைகளைக் கிழித்து விரித்து, ஒவ்வொருவர் பாதத்தையும் கரியால் வரைந்தார். "காலையில எடுத்தா ஆவாதா?" என்று கேட்ட பேச்சியம்மாளிடம், "காலையில இருக்குற காலு வேற தாயி. மத்தியானம் வீங்குன காலுக்குத்தான் பூட்ஸ் வேணும்" என்றார்.

ரப்பர் பூட்ஸுக்குப் போக மிஞ்சிய தீபாவளித் துணிப் பணத்தோடு ஆட்கள் போட்ட பணத்தையும் வாங்கிக்கொண்டு, அந்தப் பாதங்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினார். பையில் அவருடைய சின்னச் சுத்தியலும் இருந்தது. கடைக்காரர் ஜமால் பாய் எடுத்துப் போட்ட முதல் ஜோடியை இரண்டாக வளைத்தார். அடி வாயைப் பிளந்தது. "ஒட்டுனது வேணாம் பாய், தச்சது குடு." அடுத்ததன் உள்ளே கையை விட்டுத் துழாவினார், மடிப்புத் தையல் விரலை உறுத்தியது, தள்ளி வைத்தார். மூன்றாவது ஜோடி கனத்த தோல். முனையில் விரல்களுக்கு மேலே இரும்பு மூடி வைத்துத் தைத்தது. சுத்தியலை எடுத்து அதன் தலையில் ஒன்று போட்டார்.

"யோவ்! யோவ்! கடையில வச்சு ஒடைக்கிறியே!"

"மலையில கல்லு விழுந்தா இப்படிச் சத்தம் போட நேரம் இருக்காது பாய்." பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். நசுங்கவில்லை. "இதுல பன்னெண்டு குடு. அளவு இந்தா. நாலு ஜோடி பொம்பளைங்களுக்கு."

"பொம்பளைக்கு பூட்ஸா?"

"கல்லுக்கு ஆம்பள பொம்பள தெரியாதுல்ல."

பாய் சிமெண்டுப் பைகளை விரித்து, அந்தக் கரிப் பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு விரல் குறைந்த இடது பாதம் ஒன்று அதில் இருந்தது. பிறகு சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குள் தாமே போய், ஒவ்வொரு ஜோடியையும் வளைத்துப் பார்த்து எடுத்து வந்தார்.

மறுநாள் காலை பன்னிரண்டு பேரும் தோல் பூட்ஸோடு மலையேறினார்கள். செய்தி போய், தணிகாசலம் காரைக்கூட நிழலில் நிறுத்தாமல் ஓடிவந்தார்.

"தோலு ஏறக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"உள்ள பூசைக்கு அடிக்கிறாங்களே மேளம், அது எதுலங்க செஞ்சது?"

தணிகாசலத்தின் முகம் சிவந்தது. "பேச்சு வளந்திருச்சு உனக்கு. கேட்டுக்க. பூட்ஸ் போட்டவன் தொட்ட தண்ணி இனிமே சாமிக்கு ஆகாது. உனக்குக் கொடம் வேணுமா, பூட்ஸ் வேணுமா? நீ கழட்டுனா இவங்களும் கழட்டிருவாங்க. முடிவு உன் கையில."

முப்பது வருடத்துப் பணி. பொன்னாண்டியார் கோயிலைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தார். பேச்சியம்மாள் புது பூட்ஸில் கோணாமல் நேராக நின்றுகொண்டிருந்தாள்.

"கழட்ட மாட்டேங்க" என்றார். "தண்ணியும் நிறுத்த மாட்டேன். உள்ள விடலேன்னா வாசல்ல வைக்கிறேன். அவருக்குத் தாகம் எடுத்தா எடுத்துக்கட்டும்."

அன்றிலிருந்து கோயில் வாசல் வளைவுக்கு வெளியே குடத்தை வைப்பார்; மாலையில் எடுத்துப் போவார். சந்நிதிக்குள் வேறு தண்ணீர் போயிற்று. அவர் கொண்டுவந்ததைக் குரங்குகள் கவிழ்த்துக் குடித்தன.

"என்னண்ணே, ஒங்க சாமிக்கு வால் மொளைச்சிருக்கு!" என்று சிரித்தார்கள் கூட வேலை செய்தவர்கள்.

"இருக்கட்டும்டா. வேணாம்னு சொல்லாமக் குடிக்குதுல்ல."

வீட்டில் அங்காயி மட்டும் சிரிக்கவில்லை. "எதுக்குய்யா இந்த வீம்பு? வாங்காதவங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கிட்டு" என்று முணுமுணுப்பார். முணுமுணுத்தபடியே குடத்தை முன்பைவிட அழுத்தித் துலக்குவார். ஐப்பசியில் தொடங்கியது, பங்குனி வரை இப்படியே நடந்தது. அந்த ஐந்து மாதத்தில் மலையில் ஒருவர் காலிலும் இரத்தம் வரவில்லை.

கடைசிப் படி, சந்நிதி வாசலை ஒட்டியது. அதற்குச் சிமெண்டு பூசி மட்டம் தட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அசதியில் பொன்னாண்டியார், அன்று குரங்குகள் கவிழ்க்காத குடத்தை எடுக்க மறந்து இறங்கிவிட்டார்.

காலையில் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். மேலே போனால் பெருங்கூட்டம். பூசிய சிமெண்டில் பூட்ஸ் கால்கள் பதிந்திருந்தன. இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டும் சந்நிதியைப் பார்த்து.

"கடைசியில பூட்ஸோட உள்ளேயே போயிட்டியா?" என்று குதித்தார் தணிகாசலம். "கொத்தி எடுங்கடா அத!"

உளி வைத்திருந்தவர்கள் அசையவில்லை. பொன்னாண்டியார் மண்டியிட்டு அந்தத் தடத்தை உற்றுப் பார்த்தார். எழுந்து, படி ஓரத்தில் உட்கார்ந்து, தன் இரண்டு கால்களையும் தர்மகர்த்தாவை நோக்கி நீட்டினார். அவர் எதற்கு அப்படிச் செய்கிறார் என்பது புரிந்ததும் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து நீட்டினாள். ஒவ்வொருவராகப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து நீட்டினார்கள்.

"எங்கிட்டயே காலை நீட்டுறீங்களா?"

"அடியப் பாருங்க ஐயா" என்றார் பொன்னாண்டியார். "அஞ்சு மாசமாக் கல்லுல தேச்சு எல்லாம் வழவழன்னு கெடக்கு. ஒரு கோடாச்சும் இருக்கா? அந்தத் தடத்தப் பாருங்க. ஒவ்வொரு வரியும் இப்பக் கடையில எடுத்தது மாதிரி இருக்கு. எனக்கு இடது கால் முன்பக்கம் பதியாது. அதுல ரெண்டு காலும் முழுசா அழுந்தியிருக்கு. இன்னொண்ணு, போனது தெரியுது. திரும்பி வந்த தடம் எங்க?"

தணிகாசலம் குனிந்தார். பன்னிரண்டு ஜோடி அடிகளையும் பார்த்தார். தடத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் சபேச குருக்கள் உள்ளேயிருந்து வந்தார். வயதான மனிதர். கையில் பளபளவென்று துலக்கிய ஒரு குடம், காலியாக.

"பூட்டு பூட்டினபடிதான் இருந்தது. நான்தான் திறந்தேன்" என்றார். "உள்ளே ஸ்வாமி மேலே ஜலம் சொட்டிண்டிருக்கு. பக்கத்திலே இது." குடத்தைப் பொன்னாண்டியாரின் கையில் கொடுத்தார். "இந்தப் பாறையிலே இத்தனை காலம் அவருக்கும் கால் சுட்டிருக்கும் போலிருக்குப்பா. நமக்குத்தான் தெரியலை."

"அப்ப வழக்கம்?" என்றார் தணிகாசலம், கேட்கிற குரலில்.

"அவரே போட்டுண்டு வந்துட்டார். இனிமே யாரைக் கழட்டச் சொல்றது?"

கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து அந்தத் தடத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். தணிகாசலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கட்டியது சாமிக்கா, எதிரே உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேருக்கா என்பதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பொன்னாண்டியார் அங்கே நிற்கவில்லை. குடத்தை அணைத்துக்கொண்டு, இரண்டு விரல் இல்லாத காலோடு, இளவட்டம் போலப் படிகளில் தடதடவென்று இறங்கினார். ஆண்டவன் வீட்டு வாசலிலேயே ஆண்டவன் பேரால் நடந்த அநியாயத்தை எதிர்த்துக் கால் ஊன்றி நின்ற அந்த ஏழைத் தொண்டரின் மனம்தான் எவ்வளவு பெரியது! அந்தப் பாதங்களுக்கு நம் வணக்கம் என்றும் உரியது.

அடிவாரத்தில், முதல் படிக்கு எதிரே, சேதி கேட்டு வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்த அங்காயி மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். கணவரைக் கண்டதும், தன் சபதத்தையும் மறந்து, ஊர் வழக்கப்படி செருப்பைக் கழற்றிப் படியோரம் விடக் குனிந்தார்.

பொன்னாண்டியார் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"கழட்டாத புள்ள. பத்தொம்பது வருசமா இதக் கேக்காம வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். அண்ணன் ஊட்டுக்குப் போறதுன்னா நாளைக்குப் போ. இன்னைக்கு இந்தச் செருப்போடயே எங்கூட மேல வா அங்காயி."