ராஜாவை நீக்கித் தந்த இணையதளம்

முன்னொரு காலத்தில், கணினி வந்து சேர்ந்தும் ராஜா போகாத நாடு ஒன்று இருந்தது. ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது அந்த ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. குடிமக்கள் எல்லோரும் தன்னிடம் குறை சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் முகத்தையும் தான் பார்க்கக் கூடாது. எப்படி இருக்கிறது ஆசை! மகாமந்திரி அகோரமூர்த்தி உடனே ஓர் இணையதளம் செய்து கொடுத்தார். குறையை எழுதி அனுப்பிய மறுகணமே, "தங்கள் குறை தீர்க்கப்பட்டது, மகிழ்ந்திருங்கள்" என்று பதில் வந்துவிடும். தளம் சொன்னதே சாசனம், மறுத்துப் பேசினால் கசையடி என்று பறையும் அறைந்தார்கள். அப்புறம் நாட்டில் குறை ஏது? ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அரசவை விகடகவி விருத்தகிரிக்குத்தான் ஒரு குறை மிச்சமிருந்தது. அவனைத் தூக்கி வளர்த்த அக்கா காத்தாயி, பெரிய ஏரியின் கரைக்கு நேர் கீழே குடியிருந்தாள். கரை விரிசல் விட்டிருந்தது. மழைக்காலமோ வாசலில் வந்து நின்றது.

"எழுதி எழுதிப் பாத்துட்டேன்டா தம்பி. எழுதுனதும் தீத்தாச்சுங்குது. வெளிய வந்து பாத்தா விரிசலுக்குள்ள என் கை முழுசா போவுது" என்றாள் அக்கா.

"நீ கெளம்பி என் வீட்டுக்கு வந்துடுக்கா."

"ஊரே இங்க கெடக்கு, நான் மட்டும் மூட்டையத் தூக்கிட்டு வரவா? போடா. ராஜா பக்கத்துலயே நிக்கிறியே, ஒரு வார்த்தை சொல்லேன்."

சொன்னான். "பிரபு, இந்தத் தளத்தின் மென்பொருளுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. திறந்த மூல மென்பொருள் என்கிறார்களே, அப்படி ஆக்கிவிடுங்கள். விரும்பியவர் படிக்கட்டும், பிழை இருந்தால் திருத்தட்டும்."

மந்திரிக்கு விகடகவியைக் கண்டாலே ஆகாது. "திறந்து வைத்தால் திருடன் நுழைவான், அரசே! தளம் பொய் சொல்கிறது என்றால் இவன் இந்தச் சபையிலேயே, மென்பொருளைத் திறக்காமல் மெய்ப்பிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டு ஓடட்டும்" என்றார். வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிராயிற்றே, சம்மதித்தார்.

விருத்தகிரி மடியிலிருந்து கைபேசியை எடுத்து ஏதோ தட்டினான். பிறகு சிம்மாசனத்துக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை போட ஆரம்பித்தான். சபை பதறிவிட்டது.

"அரசர் முன்னிலையில் காலை நீட்டுகிறாயா, மூடனே!" என்று மந்திரி கத்தினார்.

"எந்த அரசர், மந்திரியாரே? 'எங்கள் நாட்டில் ஒரு ராஜா இருக்கிறார், அவரை நீக்கித் தர வேண்டும்' என்று இப்போதுதான் குறை எழுதினேன். தீர்க்கப்பட்டது என்று தளம் சொல்லிவிட்டது. அந்த ஆசனத்தில் யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், பாவம். பார்த்து வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்."

ராஜா இருக்கிறார் என்றால் தளம் சொன்னது பொய். தளம் சொன்னது மெய் என்றால் ராஜா இல்லை. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டு, மென்பொருளைத் திறந்துவிடச் சொன்னார்.

திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது ஒரே கட்டளை. எது வந்தாலும் படிக்காதே, தீர்ந்தது என்று சொல். அவ்வளவுதான்! நெசவாளர், மீனவர், பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று பலரும் கூலி வாங்காமல் உட்கார்ந்து அதைத் திருத்தினார்கள். குறைகள் உரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்படி செய்தார்கள். செத்தவர் பெயரில் மனு தொங்கிக்கொண்டிருக்க வேண்டாமே என்று இறப்புப் பதிவோடும் தளத்தை இணைத்தார்கள். தங்கமான மனிதர்கள்.

ஆனால் குறைகள் போய்ச் சேர்ந்த அலுவலகத்தில் நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. ராஜா யாரையும் நியமிக்கவில்லை. ஆள் போடுவதில் சிரிக்க என்ன இருக்கிறது? "தங்கள் குறை இன்னும் தீர்க்கப்படவில்லை" என்று தளம் இப்போது காத்தாயிக்கும் உண்மையைச் சொன்னது.

விருத்தகிரி ஓடிப்போய் ராஜாவின் காலில் விழுந்தான். "பிரபு, இது விகடம் அல்ல. கரை உடையப் போகிறது. என் அக்கா அங்கே இருக்கிறாள். நாலு ஆளும் மண்வெட்டியும் அனுப்புங்கள்" என்று தேம்பித் தேம்பி அழுதான்.

"அடடா! எப்படி அழுகிறான் பாருங்கள், நிஜம் போலவே இருக்கிறது!" என்று ராஜா கைதட்டினார். சபையும் தட்டியது. அழுவதற்கு அவன் வேறு எந்த முகத்தைக் கொண்டுவருவான்?

மழை வந்தது. கரை உடைந்தது. காத்தாயியின் தெருவே போயிற்று. சேற்றிலிருந்து அக்காவை எடுத்து, எரித்துவிட்டு, ஈர வேட்டியோடு அவன் சபைக்கு வந்தான். வழியில் கைபேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது. காத்தாயி தன் மனுவில் தம்பியின் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். அவன் அதைச் சபையில் உரக்க வாசித்தான்: "மனுதாரர் உயிருடன் இல்லாததால் இம்மனு முடித்து வைக்கப்படுகிறது."

ராஜா ஒரு கணம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பலே, விருத்தகிரி! இதுவரை சொன்னதிலேயே இதுதான் உச்சம்!" என்று கைமோதிரத்தைக் கழற்றி நீட்டினார்.

அரசர் கொடுப்பதை மறுப்பது அந்த நாட்டில் குற்றம். விகடகவி குனிந்து வாங்கிக்கொண்டான்.