பெட்டிக்குள் வைத்த வசம்பு

அந்தக் காலத்தில், ஆடும் எறும்பும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அந்துப்பூச்சிக்கும் வாய் இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

பீரையன் என்ற ஆட்டுக்காரனின் தோளில், கம்பளி மடிப்புக்குள் ஓர் அந்து குடியிருந்தது. உதிர்ந்த ரோமத்தைத் தின்னும். மழை வருவதை முன்கூட்டிச் சொல்லும். எந்த ஆட்டுக்கு எந்த ஆட்டோடு சண்டை என்பதைக் கேட்காமலே சொல்லும். பிள்ளையில்லாத வீடு. பீரையனும் அவன் மனைவி கெஞ்சம்மாளும் அதன் பேச்சைக் கேட்டுத்தான் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் கெஞ்சம்மாள் நல்ல கறுப்பு ரோமமாகப் பொறுக்கி, நூற்று, கணவனுக்குப் புதுக் கம்பளி நெய்தாள். ஒரே ஒரு முறை அதைப் போர்த்திக்கொண்டு ஆட்டுக்கிடைக்குப் போய் வந்தான். வந்ததும் வாங்கி மடித்து மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

“தேர்த் திருவிழாவுக்குப் போத்திக்கிடலாம்.”

“அதுவரைக்கும்?”

“பழசு இருக்குல்ல.”

“அதுல கம்பளியைவிட ஓட்டைதான் ஜாஸ்தி.”

“புதுசை முள்ளுல இழுத்துக் கிழிக்கிறதுக்கா நெய்தேன்?”

அது கஞ்சத்தனமா, பிரியமா? அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்துவையும் கூப்பிட்டாள். “நீயும் உள்ள போ. எலி வந்தா சத்தம் போடு.”

“அண்ணன் தோளு இல்லாம எனக்கு இருப்புக் கொள்ளாதே, மதினி.”

“காவக்காரிக்குத் தோளு எதுக்கு?” பெட்டியை மூடினாள்.

உள்ளே இருந்து அது அவ்வப்போது கேட்கும். “மதினி, ஒருதரம் வெயில்ல உதறிப் போடேன்.”

“தேர் வரட்டும்.”

இருட்டுக்குள் அந்துவுக்குப் பிள்ளைகள் பிறந்தன. பசித்து அழுதன. தாய் தனக்குத் தெரிந்த நல்ல இடத்தைக் காட்டியது. அது பீரையனின் கழுத்து பட்ட இடம். அங்கே அவனுடைய வியர்வையின் உப்பு இன்னும் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் பீரையன் நனைந்து, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தான். பழைய கம்பளியில் நீர் சொட்டியது. கெஞ்சம்மாள் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து புதுசை விரித்தாள். கழுத்துப் பக்கம் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை.

“காவலுக்கு வச்சா, நீயே தின்னுட்டியா?”

“வேற எங்கயும் வாய் வைக்கலை மதினி. அண்ணன் வாசம் இருந்த…”

நூலுக்குப் பூசக் காய்ச்சிய புளியங்கொட்டைப் பசை அடுப்பில் இருந்தது. அதில் விரலைத் தொட்டு அந்துவின் வாயில் அப்பிவிட்டாள். பேச்சு நின்றது. அந்து பறந்து போய் ஒளிந்துகொண்டது.

பீரையன் கம்பளியை எடுத்து ஓட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டான். “இப்பத்தான் நழுவாம நிக்குது.” குளிரில் பல் கிடுகிடுக்கச் சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “நான் பட்ட இடத்தை மட்டும்தான் தேடியிருக்கு. நீ பூட்டி வச்ச, அது தின்னுச்சு. யாருக்கு என் மேல பிரியம் ஜாஸ்தின்னு நான் எப்படிச் சொல்ல?”

கெஞ்சம்மாள் அடுப்படிக்குப் போனாள். பசையைக் கரைக்க வெந்நீர் வைத்தாள். விளக்கை ஏந்தி மூலை மூலையாகத் தேடினாள். “வா அந்து, கோவத்துல செஞ்சிட்டேன்.” வெளிச்சத்தோடு அந்தக் கையும் வருவதைக் கண்டு அது இருட்டுக்குள் ஓடியது. பசை இறுகி, வாய் தூர்ந்தே போனது.

பீரையனுக்குக் காய்ச்சல் இறங்கிற்று. அந்து மட்டும் வரவில்லை. பேச்சு வராத பிள்ளைக்கு வசம்பை உரைத்து நாக்கில் தடவுவார்களே, அது அவளுக்கு நினைவு வந்தது. வசம்புத் துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்தாள். வெயில் வந்த நாளெல்லாம் துணிகளை உதறிப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வசம்பு வாடை பட்டதும், இதுவும் ஏதோ பசை என்று பயந்து அந்து இன்னும் தூரம் போனது.

அன்று முதல்தான் அந்துப்பூச்சிக்குத் தின்ன வாயில்லை. அதன் புழுக்கள்தான், உடுத்தாமல் பூட்டி வைத்த துணியில் வியர்வை பட்ட இடமாகத் தேடித் தின்கின்றன. விளக்கைக் கண்டால் அது ஒளிந்துகொள்கிறது. நாமும் துணிப் பெட்டிக்குள் வசம்பு வைக்கிறோம், பூச்சி வராமல் இருக்க என்று. முதலில் வைத்தவள், அது வந்து ஒரு வார்த்தை பேசாதா என்றுதான் வைத்தாள்.