கொய்யாமரத்துக்கு ஜாமீன்

கோழிக்குக் கொம்பும் குதிரைக்குச் சிறகும் இருந்த காலத்தில், மேழிநாடு என்றொரு நாட்டில், வேலாயி என்றொருத்தி இருந்தாள். அவள் வீட்டுக் கொல்லை நாலு மாட்டுவண்டி நிறுத்தும் அளவுதான். அதற்குள்ளேயே மாதுளை, எலுமிச்சை, சீத்தா, பப்பாளி, வேலியோரம் களாக்காய்ப் புதர் என்று எல்லாம் வைத்திருந்தாள். புருஷன் சடையன் தண்ணீர் ஊற்றுவான், வேலாயி கிளைகளை நறுக்கிக் கவாத்து வெட்டுவாள், இரண்டு பேரும் சேர்ந்து அணில்களைத் திட்டுவார்கள்.

அந்த ஊருக்கு மேலே கரடிமலையில் கருநாக்கன் என்றொரு மந்திரவாதி. அவன் வாயில் வந்தது அப்படியே பலிக்கும். இடி விழும் என்றால் விழும். விழாது என்றால் பாதி வழியில் நின்றுவிடும். கடைசியாக எதைச் சொன்னானோ அதுதான் நடக்கும்.

அவனுக்கு ஒரே ஒரு கவலை. உயிரை எங்கே ஒளித்து வைப்பது? ஏழு கடலுக்கு அப்பால் கிளிக்குள் ஒளித்தவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். யாருமே வெட்டாத ஒரு மரம் இருந்தால் தேவலை. யோசித்தான், யோசித்தான், மூன்று நாள் சோறு தண்ணியில்லாமல் யோசித்தான். நாலாம் நாள் காலை வேலாயியின் வேலிக்கு வந்து, குடமும் கையுமாக நின்ற சடையனை நோக்கி விரலை நீட்டினான்.

“கொய்யா மரமா ஆயிடு. காய்ச்சா மனுஷனாவ.”

எந்த மந்திரத்துக்கும் ஒரு கதவு வைத்தே ஆக வேண்டும் என்பது மந்திரவாதிகளின் சட்டம். கதவை வைத்த கையோடு பூட்டையும் போட்டான் அந்தப் படுபாவி.

“ஆனா, காய்க்காது.”

குடம் உருண்டது. சடையன் நின்ற இடத்தில் வழவழவென்று ஒரு கொய்யா மரம் நின்றது. அவன் சொன்னதெல்லாம் காதில் விழுந்து அலறிக்கொண்டு ஓடிவந்த வேலாயி அதைக் கட்டிக்கொண்டு அழுதபோது, கருநாக்கன் தன் உயிரை மெல்ல ஊதி மரத்தின் பொந்துக்குள் அனுப்பியதை அவள் பார்க்கவில்லை. சொந்தப் புருஷனை எவள் வெட்டுவாள்? காவலும் இலவசம், தண்ணீரும் இலவசம் என்று அவன் சிரித்துக்கொண்டே மலையேறினான்.

வேலாயி அழுதாள். அழுதுகொண்டே மண்வெட்டியை எடுத்தாள். மரத்தைக் காய்க்க வைப்பது அவளுக்குத் தெரியாத வேலையா என்ன?

முதல் மாதம் மீனையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு, வேரில் ஊற்றினாள். மரம் பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்தது. வெள்ளிக்கிழமை கருநாக்கன் வேலிக்கு வந்து, “என்ன வேலாயி, காய்ச்சுதா?” என்று இளித்தான். அவன் மேல் மீன்கூடை நாற்றம் அடித்தது.

இரண்டாம் மாதம் கவாத்து வெட்டினாள். மரம் பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்தது. “என்ன வேலாயி, காய்ச்சுதா?” என்று வந்தவனின் சடைமுடியில் பாதியைக் காணோம்.

மூன்றாம் மாதம் கிளைகளை வளைத்து, கயிறு போட்டு, முளையடித்துக் கட்டினாள். கொய்யாவை வளைத்துக் கட்டினால் நன்றாகப் பூப்பிடிக்கும். பிடிக்கத்தான் பிடித்தது, பிறகு வழக்கம்போல் உதிர்ந்தது. “என்ன வேலாயி, காய்ச்சுதா?” என்று வந்தவனுக்கு இரண்டு தோளும் தரையைப் பார்த்துத் தொங்கின.

வேலாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மரத்துக்கு ஊற்றியது அவன் மேல் நாறுகிறது. மரத்தில் வெட்டியது அவன் தலையில் குறைகிறது. மரத்தை வளைத்தால் அவன் வளைகிறான். திருடன் தன் உயிரை இங்கேதான் வைத்திருக்கிறான்! முகத்தில் எதையும் காட்டாமல், இன்னும் காய்க்கவில்லை என்று பணிவாகச் சொல்லி அவனை அனுப்பிவைத்தாள். அவன் தலை மறைந்ததும் கோடாரியைத் தேடினாள்.

மேழிநாட்டில் ஒரு முறை உண்டு. காய்க்காத மரத்தின் முன்னால் ஒருவர் கோடாரியோடு நின்று, வெட்டப்போகிறேன் என்று மிரட்டுவார். இன்னொருவர் குறுக்கே விழுந்து, இது காய்க்கும், நான் ஜாமீன் என்பார். பயந்துபோய் மரம் காய்க்கும். வேலாயி வீட்டில் எப்போதும் மிரட்டுவது அவள். ஜாமீன் சொல்வது சடையன். இப்போது அவனே மரமாக நிற்கிறான். ஜாமீன் சொல்ல யார் வருவார்?

யார் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஊரே வேலியோரம் கூடிவிட்டது. யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவள் கோடாரியை ஓங்கினாள்.

“ஏ மரமே, காய்க்கிறியா, வெட்டட்டுமா?”

மறுபடியும் கேட்டுவிட்டு, மரத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். மலைமேல் கருநாக்கன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குதித்தான். எட்டிப் பார்த்தால், கோடாரி மறுபடியும் ஓங்கியிருந்தது. கோரைப்பாயில் ஏறி, காற்றாகப் பறந்து வந்து கொல்லையில் விழுந்தான்.

“நில்லு! அது உன் புருஷன்!”

“காய்க்காத மரம் எனக்கு எதுக்குங்க?”

“உன்னைக் கல்லாக்கிடுவேன்.”

“ஆக்குங்க. கல்லான கை கோடாரியோட நேரா கீழதான் இறங்கும்.”

கோடாரி இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. பயத்தில் கருநாக்கனுக்குக் கற்ற மந்திரமெல்லாம் மறந்தது. அவனும் அந்த ஊரில் பிறந்தவன்தானே. சின்ன வயதில் கேட்ட வார்த்தைதான் வாயில் வந்தது. மரத்தைக் கட்டிக்கொண்டு கத்தினான்.

“வெட்டாதே தாயே, வெட்டாதே. இது காய்க்கும், காய்க்கும், காய்க்கும். நான் ஜாமீன்.”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான். அதற்குள் மரம் பூத்தது, பிஞ்சு பிடித்தது, பழுத்தது. பொலபொலவென்று நூறு பழம் கொட்டியது. மரம் நின்ற இடத்தில் சடையன் நின்றான், பாதி முடியும் மீன் நாற்றமுமாக. ஊர் கூவிய கூவலில் அணில்கள் வேலி தாண்டி ஓடின.

மந்திரம் உடைந்ததும் கருநாக்கனின் நாக்கு வெறும் நாக்காகிவிட்டது. அவன் உயிர் மட்டும் நூறு பழத்தில் ஏதோ ஒன்றுக்குள் போயிருந்தது. எதற்குள் என்று அவனுக்கே தெரியாது. வேலாயி பழங்களை வீட்டுக்கு ஒன்றாக ஊருக்குக் கொடுத்தாள். தின்றவர்கள் விதையைக் கொல்லையில் போட்டார்கள். அன்றிலிருந்து கருநாக்கன் விடியுமுன் எழுந்து, எது தன் மரமோ என்று ஒவ்வொரு வீட்டுக் கன்றுக்கும் தண்ணீர் சுமந்தான். மேழிநாட்டில் கொய்யா இல்லாத வீடே இல்லாமல் போனது.

அன்று கூட்டம் கலைந்த பிறகு சடையன் மெல்லக் கேட்டான். “வேலாயி, அவன் வராம இருந்திருந்தா வெட்டியிருப்பியா?”

அவள் கோடாரியை அவன் கையில் கொடுத்தாள். இரும்பைத் திருப்பி மாட்டியிருந்தாள். மரத்தைப் பார்த்து நின்றது மழுங்கிய பின்பக்கம். கூர்மையான பக்கம் அத்தனை நேரமும் அவளைப் பார்த்தே இருந்திருக்கிறது.

சடையன் அதைத் தடவிப் பார்த்தான். பிறகு மூன்று மாதத்துக்கு முன் உருண்ட குடத்தை எடுத்துக்கொண்டு மாதுளைக்குத் தண்ணீர் ஊற்றப் போனான்.