தானே தட்டிக்கொண்ட வாட்ச்டாக்

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் தொட்டியின் சூட்டைப் பார்த்து நீராவியைத் திறந்து மூடும் கணினி ஒன்று உண்டு. அதற்கு நிரல் எழுதியவன் நான். அதனால் அது தினமும் மூன்று தடவை உறைந்து நின்றது. நல்லவேளை, அதற்குள் வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் இருந்தது. நிரல் அதை, டிரைவர் என்ற சிறு இணைப்பு மென்பொருள் வழியாக, நொடிக்கொரு தடவை தட்ட வேண்டும். தட்டுவது நின்றால் அது நீராவியை மூடி, கணினியை அணைத்து மறுபடி தொடங்கும்.

முதலாளி தண்டபாணிக்கு அது பொறுக்கவில்லை. "நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. ஒரு தடவை அணைஞ்சாலும் உனக்கு வேலை கெடையாது. நிரல் எதுக்குத் தட்டணும்? வாட்ச்டாக் டிரைவரே தானாத் தட்டட்டும்!"

"சரிங்க. வெறும் தண்ணியில சோதிச்சுப் பாக்கறேன். நீங்களும் பக்கத்துல நில்லுங்க."

மாற்றினேன். நிரல் வழக்கம்போல் உறைந்தது. டிரைவர் மட்டும் விசுவாசமாகத் தட்டிக்கொண்டே இருந்தது. கணினி அணையவில்லை. திரையில் நாற்பது டிகிரி அசையாமல் நின்றது.

"பாத்தியா? படிக்காமயே நான் இன்ஜினியரு!"

"ஆமாங்க, நாப்பதுதான் காட்டுது. தொட்டிக்குள்ள கையை விட்டுப் பாருங்க."

சட்டைக் கையை மடித்துக் குனிந்தவர், ஆவி முகத்தில் அடித்ததும் பின்னால் துள்ளினார். நான் ஓடிப்போய், நிரல் உறைந்ததில் திறந்தபடியே கிடந்த நீராவியை மூடினேன்.

"பழையபடி நிரலே தட்டட்டும்!" என்றார். பிறகு, "இப்படி உறையற நிரலை எந்த மடையன் எழுதுனான்?"

"அதுவும் நான்தானுங்க."

மறுநாள் விருந்தாளிகள் முன் கணினி அணைந்தது. "ஆபத்துன்னா தானே நிறுத்திக்கும், என் ஏற்பாடு" என்றார் முதலாளி. நிரல் சரியாகும்வரை காவலிருக்க எனக்குத் தொட்டியோரம் ஒரு நாற்காலி போட்டார். மூன்றாம் நாள் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். நாற்காலியை மட்டும் அவர் எடுக்கவே இல்லை.