சின்னத் தொடாதே, பெரிய தொடாதே

குளத்தங்கரை நாவல் மரத்தடியில் காட்டுக் குட்டிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் தலைமையாசிரியர் ஒரு கொண்டலாத்திப் பறவை. தலையில் விசிறி மாதிரி கொண்டை இருந்ததால் குட்டிகள் அவரைக் கொண்டை வாத்தியார் என்றே அழைத்தன. பெருமை வந்தால் அந்தக் கொண்டை விரியும். நாளில் பாதி நேரம் அது விரிந்தேதான் இருந்தது. பெருமைப்பட அவரிடம் அப்படி என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். கொண்டை இருந்தது, அவ்வளவுதான்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. காட்டின் கல்வி அதிகாரியான கரடி, ஆண்டுக்கு ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து ‘மாதிரிப் பள்ளி’ என்று செதுக்கிய தேக்குப் பலகையைக் கொடுப்பார். அந்தப் பலகை இந்த மரத்தில் தொங்க வேண்டும். கையில் கிடைத்துவிட்டது போலவே மரங்கொத்தியைக் கூப்பிட்டு, அதை மாட்டுவதற்கு மரத்தில் ஓர் ஓட்டையும் போடச் சொல்லிவிட்டார். மூன்று வருடமாக அந்த ஓட்டையில் எறும்புகள்தான் குடியிருந்தன.

ஒன்றாம் வகுப்புக்கு அணில் டீச்சர். கோடை விடுமுறையில் எல்லோரும் குளத்தில் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஓடி ஓடிப் பொருள் சேர்த்தார். எண்ணிப் பழகப் புளியங்கொட்டை. பத்துப் பத்தாகக் கட்டிய மூங்கில் குச்சிகள். மரப்பட்டையில் வேப்பம் பிசினைத் தடவி, மணல் ஒட்டிச் செய்த எழுத்துகள். குட்டிகள் அவற்றின் மேல் நகத்தை ஓட்டினால் எழுத்தின் வளைவு கைக்குப் பிடிபடும். எடை பார்க்க ஒரு கொட்டாங்கச்சித் தராசும் செய்தார். முள்ளம்பன்றிக் குட்டி இரண்டாவது வருடமாக ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தது. அதற்காகத்தான் டீச்சர் அத்தனை பாடுபட்டார்.

பள்ளி திறந்த அன்று எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பினார். கொண்டை வாத்தியார் பார்த்தார். பல் இருந்திருந்தால் வாயெல்லாம் பல்லாகியிருக்கும். அவர் கண்ணுக்குப் புளியங்கொட்டை தெரியவில்லை, எழுத்து தெரியவில்லை. தேக்குப் பலகைதான் தெரிந்தது.

இந்த வாண்டுப் படையின் கையில் இவற்றைக் கொடுத்தால் கரடி வருவதற்குள் என்ன மிஞ்சும்? உடனே எல்லாவற்றையும் மரப்பொந்தில் வரிசையாக அடுக்கினார். சிலந்தியைக் கூப்பிட்டு வாசலில் வலை பின்னச் சொன்னார். உள்ளே இருப்பது தெரியும், கையை விட முடியாது. தம் மூளையைத் தாமே மெச்சிக்கொண்டார். வேறு யாரும் மெச்சுகிற வழக்கமில்லை.

“சார், தொட்டுப் படிக்கத்தானே இதைச் செஞ்சேன்” என்றார் அணில் டீச்சர்.

“கண்ணால பார்த்தா போதும், டீச்சர். நான் எல்லாம் பார்த்தே படிச்சவன்.”

அவர் படித்த லட்சணத்தைப் பற்றிப் பேச டீச்சருக்கு உரிமை இல்லை. எனக்கு இருக்கிறது, ஆனால் கதை நீண்டுவிடும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ‘காட்சி வகுப்பு’ நடந்தது. அதை வாத்தியாரே எடுத்தார். குட்டிகள் கையைக் கட்டிக்கொண்டு பொந்துக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஏதாவது ஒரு குட்டி கையை நீட்டி, “சார், இது என்ன?” என்று கேட்கும். கை நீண்டதுமே வாத்தியாருக்குப் பதறிவிடும். “தொடாதே!” என்று கத்துவார். அடுத்த குட்டி அடுத்த பொருளைக் காட்டிக் கேட்கும். அதற்கும் அதே பதில்தான். பிறகு அணில் டீச்சர் தரையில் எழுதிக் காட்டிய பாடம் எதுவும் ஏறவில்லை. குட்டிகளின் கண் பொந்தை விட்டு நகர்ந்தால்தானே!

மார்கழியில் கரடி வந்தார். வாத்தியார் அவரைக் காக்காய் பிடித்த அழகைப் பார்த்து, மரத்தில் இருந்த நிஜக் காக்கைகளே வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. கரடி பொந்தை எட்டிப் பார்த்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன.

“ஏழு மாசம் ஆச்சு, ஐயா. ஒரு குட்டியோட நகம்கூடப் பட்டதில்லை” என்றார் வாத்தியார், கொண்டையை விரித்து.

“அப்படியா” என்றார் கரடி. வாத்தியார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பலகை கிடைத்ததும் பேச வேண்டிய பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்.

கரடி வலையை ஓரமாக விலக்கி, மணல் ஒட்டிய ‘அ’வை எடுத்தார். முள்ளம்பன்றிக் குட்டிக்கு முன்னால் பிடித்து, இதன் பெயர் என்ன என்று கேட்டார்.

“தொடாதே” என்றது குட்டி.

“நான்தானே தொடுறேன். நீ பேரை மட்டும் சொல்லு.”

“அதான் ஐயா, தொடாதே.”

கரடி ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் காட்டினார். முயல் குட்டி முந்திக்கொண்டது. “அது சின்னத் தொடாதே!”

குச்சிக் கட்டைக் காட்டினார். அது பெரிய தொடாதே என்றன எல்லாக் குட்டிகளும். தராசை எடுப்பதற்குள் முள்ளம்பன்றிக் குட்டியே சொல்லிவிட்டது. “அது ஆடுற தொடாதே, ஐயா. காத்தடிச்சா ஆடும்.” இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சரியான பதில் சொல்லிவிட்ட சந்தோஷம் அதன் முகத்தில். பார்க்கப் பாவமாக இருந்தது.

வாத்தியார் அவசர அவசரமாகக் குறுக்கே வந்தார். எல்லாம் இந்த டீச்சர் சொல்லிக் கொடுக்கிற லட்சணம் என்றார். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை அவருக்கு.

“இந்தப் பேரெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்க?” என்று கரடி குட்டிகளைக் கேட்டார்.

“கொண்டை வாத்தியார்!” என்றன அத்தனையும் ஒரே குரலில். தினமும் சொல்லிக் கொடுப்பார் என்று நன்றியோடு வேறு சேர்த்துக்கொண்டன. கொண்டை மடங்கித் தலையோடு ஒட்டிக்கொண்டது.

கரடி வலையைக் கிழித்துப் போட்டார். அவ்வளவுதான், குட்டிகள் பாய்ந்தன. தராசின் கயிறு அறுந்தது. குச்சிக் கட்டு பிரிந்தது. புளியங்கொட்டை திசைக்கொன்றாக ஓடியது. முள்ளம்பன்றிக் குட்டி மட்டும் ‘அ’வைக் கட்டிப்பிடித்தபடி ஓர் ஓரமாக உட்கார்ந்து, நகத்தால் மெல்லத் தடவியது.

“டீச்சர், இது உள்ளே சுழிஞ்சு வெளியே வருது.”

“ஆமா கண்ணு. அதுதான் அ.”

“அ” என்றது குட்டி. பிறகு மணலில் தானே அதை எழுதியது. கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் அது ‘அ’தான். அணில் டீச்சர் வாலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கரடி தம் மூட்டையிலிருந்து தேக்குப் பலகையை எடுத்தார். அணில் டீச்சரின் உழைப்புக்காக இந்த வருடப் பலகை இந்தப் பள்ளிக்கே என்று அறிவித்தார். வாத்தியாரின் கொண்டை மறுபடி எழுந்தது. நடந்தது எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. தாவிப் போய் ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“ஆனா பலகை புதுசு. இங்கே மாட்டினா வெயில் படும், மழை படும், காக்கா எச்சம் போடும். நானே குகையில வலை கட்டிப் பத்திரமா வெச்சுக்கிறேன். ஆசைப்பட்டா வருஷத்துக்கு ஒரு தடவை வந்து வாசல்ல நின்னு பாருங்க” என்றார் கரடி.

வாத்தியார் தாவிக் கரடியிடம் வந்தார். மூன்று வருட ஆசை. “ஒரே ஒரு தடவை தொட்டாவது பார்த்துக்கறேனே, ஐயா” என்று கெஞ்சியபடி இறக்கையை நீட்டினார்.

அதுவரை மரியாதையாகவே பேசிய கரடி, பலகையை மூட்டைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்:

“தொடாதே.”

பிள்ளைகளின் கை பட்டு அழுக்காகித் தேயாத பாடக்கருவி, அதைப் பூட்டி வைத்தவரின் அறியாமையைத் தவிர வேறு எதையும் கற்றுத் தராது.