ராஜா பட்டியின் தலைச்சன் பசு

ஏரி நிறைந்தால் ஊரே நிறைந்துபோகிற ஒரு சீமையில் ஒரு ராஜா இருந்தாராம். பட்டத்து யானைக்குப் பேர் வைக்க மறந்துபோனார், ஆனால் தன் மாட்டுப் பட்டியில் இருந்த அறுபது பசுவுக்கும் பேர் வைத்திருந்தார். அவ்வளவு பிரியம்.

பட்டியைக் கவனித்துக்கொண்டவர் கெங்கமுத்து. மீசை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் போகும். சாணி அள்ளித் தொழுவம் கூட்டியவள் நாச்சாயி. சின்னப் பெண். தலைச்சன் பிள்ளை பெற்று ஐந்து மாதம்தான். காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிப்போச்சு, பிள்ளை கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டு வயிறு நிறையாமல் அழுதுகொண்டே கிடந்தது. அறுபது பசு இருந்தும் பால் அத்தனையும் அரண்மனைக்குத்தான், கூட்டுகிறவளுக்கு ஒரு சொட்டுக் கிடையாது.

அந்த வருஷம் மாசியில் பசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஈன ஆரம்பித்தன. முந்தின வருஷம் கன்றுகள் பல செத்துப்போய் ராஜாவுக்குச் சோறே இறங்கவில்லையாம். அதனால் தண்டோரா போட்டார். "இந்த ஈற்றில் கஷ்டப்படுகிற பசுக்களைக் காப்பாற்றுகிற கைக்கு, கன்றோடு ஒரு பசு."

நாச்சாயி அதைக் கேட்டாள். தூளியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். கெங்கமுத்துவும் கேட்டார். மீசையைத் தடவிக்கொண்டார்.

முதலில் மயிலைப் பசு ஈன்றது. கன்று விழுந்தது, மூச்சே இல்லை. "போச்சு, குழி தோண்டுங்க" என்றார் கெங்கமுத்து. நாச்சாயி ஓடி வந்து, கன்றின் வாயிலும் மூக்கிலும் இருந்த கோழையை விரலால் வழித்து எறிந்து, ஒரு வைக்கோலை எடுத்து மூக்குக்குள் விட்டுக் குடைந்தாள். கன்று ஒரு தும்மல் போட்டது பாருங்கள், பக்கத்தில் நின்ற கோழி பறந்தே போச்சு. கெங்கமுத்து என்ன செய்தார்? கன்றின் மேலிருந்த பனிக்குடத்துத் தண்ணியைக் கொஞ்சம் எடுத்துத் தன் கையில் பூசிக்கொண்டார், நேரே அரண்மனைக்குப் போனார். "நான்தான் காப்பாத்தினேன் மகாராஜா, கையைப் பாருங்க" என்றார்.

இரண்டாவது கரும்பசு. அதன் கன்றுக்கு மடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, சுவரைச் சுவரை முட்டியது. நாச்சாயி சீம்பாலில் விரலை நனைத்து அதன் வாயில் வைத்தாள், கன்று விரலைச் சப்பச் சப்ப மெல்லப் பின்னால் நகர்ந்து நகர்ந்து மடிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கெங்கமுத்து இந்தத் தடவை கன்றின் ஈரத்தை முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டு அரண்மனைக்குப் போனார். "நான்தான் மகாராஜா."

"ஐயா, நான்தானே செஞ்சேன்" என்றாள் நாச்சாயி, குரல் வெளியே வராமல்.

"ஏ புள்ள, வாயைத் திறந்தா உன் தூளியைக் கழட்டி வெளியே எறிஞ்சிருவேன். போய்ச் சாணியை அள்ளு."

அவள் பயந்துபோய்ச் சாணியை அள்ளினாள். நீங்களாக இருந்தால் பேசியிருப்பீர்களோ? போகிற இடம் இல்லாதவளுக்கு அது லேசு இல்லை.

மூன்றாவது செவலை. அது தலைச்சன் ஈற்று. காலையிலிருந்து முக்குகிறது, உச்சி வெயில் ஆகியும் கன்று வரவில்லை. ஒரு குளம்பு மட்டும் தெரிகிறது, ஒரு மூக்கு தெரிகிறது, இன்னொரு கால் இல்லை. கெங்கமுத்து அந்த ஒரு காலில் கயிற்றைக் கட்டி நாலு ஆளை விட்டு இழுத்தார். பசு கதறியது.

"இழுக்காதீங்க, ஒரு கால் உள்ளே மடங்கிக் கெடக்கு" என்றாள் நாச்சாயி. வளையலைக் கழற்றி வைத்தாள், நகத்தைக் கல்லில் தேய்த்தாள், கையில் விளக்கெண்ணெய் பூசினாள். "என் தலைச்சனுக்கு எனக்கும் இப்படித்தான் பயமா இருந்துச்சு தாயி, கொஞ்சம் பொறு" என்று பசுவிடம் சொல்லிக்கொண்டே கன்றை உள்ளே தள்ளினாள்.

நாலு ஆளும் சிரித்தார்கள். "வெளியே வர்றதை உள்ளே தள்ளுறா பாரு. மாட்டு வாய் வழியா எடுக்கப் போறா போல."

அவள் இன்னும் தள்ளினாள். தள்ளினால்தான் உள்ளே இடம் கிடைக்கும். தோள் வரைக்கும் கையை விட்டு, மடங்கிக் கிடந்த காலைத் தேடி, குளம்பு பசுவைக் கிழிக்காமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நீட்டிவிட்டாள். இரண்டு குளம்பும் ஒன்றாக வந்தன, அப்புறம் மூக்கு, அப்புறம் வழுக்கிக்கொண்டு முழுக் கன்றும் வந்தது. கிடாரிக் கன்று.

நாச்சாயி கை கழுவத் தொட்டிக்குப் போன நேரம், கெங்கமுத்து தோள் துண்டால் கன்றை ஈரம் மிச்சமில்லாமல் ஒற்றி ஒற்றி எடுத்து, அதைத் தன் நெஞ்சிலும் முகத்திலும் மீசையிலும் பிழிந்துகொண்டார். மூன்றாவது தடவை அல்லவா, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்று. நடந்தார் அரண்மனைக்கு.

செவலை திரும்பிக் கன்றை மோந்து பார்த்தது. வாசனையே இல்லை. இது யார் பிள்ளையோ என்று காலால் தள்ளிவிட்டது. தன் பிள்ளையின் வாசனை தெருவில் போய்க்கொண்டிருந்தது. அதுவும் கிளம்பிவிட்டது.

ராஜா கொலுவில் உட்கார்ந்திருக்க, "நான்தான் மகாராஜா, தோள் வரைக்கும் கையை விட்டு, மடங்கிக் கெடந்த காலை நீட்டி எடுத்தேன்" என்று கெங்கமுத்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து "ம்ம்மா" என்று ஒரு குரல். செவலை கொலு மண்டபத்துக்குள் வந்து, அவர் முகத்தை நக்க ஆரம்பித்தது. பசுவின் நாக்கு அரம் மாதிரி. ஒரு பக்க மீசை போச்சு. அவர் தூணுக்குப் பின்னால் ஓடினார், அது தூணுக்குப் பின்னால் போனது. அவர் உட்கார்ந்தார், அது முட்டி எழுப்பிப் பால் குடிக்கச் சொல்லி மடியைக் காட்டியது.

ராஜா கேட்டார். "என்ன கெங்கமுத்து, உன்னையா ஈன்றது?"

அதற்குள் நாச்சாயி கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். மண்டபம் முழுக்கப் பெரியவர்கள். அவள் வாசலோரமே நின்றுவிட்டாள். ஆனால் கன்று பசியில் கத்தியது, அவளுக்குத் தன் பிள்ளை கத்துவது போலவே கேட்டது.

"மகாராஜா, கன்னோட ஈரத்தை எல்லாம் அவர் பூசிக்கிட்டார். தாய்க்குப் பிள்ளை தெரியலை. அந்தத் துண்டைக் கொடுக்கச் சொல்லுங்க."

துண்டை வாங்கிக் கன்றின் முதுகிலும் வயிற்றிலும் தேய்த்தாள். செவலை வந்து மோந்தது, நின்றது, அப்புறம் கன்றை நக்கத் தொடங்கியது. கன்று மடியைப் பிடித்துக்கொண்டது.

"எந்தக் கால் மடங்கியிருந்தது?" என்று ராஜா கெங்கமுத்துவைக் கேட்டார்.

"வலது கால், மகாராஜா."

"இடது முன்னங்கால்" என்றாள் நாச்சாயி.

ராஜா இறங்கி வந்து பார்த்தார். கன்று இடது முன்னங்காலை லேசாகத் தாங்கித் தாங்கி வைத்தது. "மயிலை, கரும்பசு?" என்றார்.

"அதுவும் நான்தான்" என்றாள். இந்தத் தடவை கடைசித் தூண் வரைக்கும் கேட்டது.

அன்றைக்கே நாச்சாயி பட்டிக்காரி ஆனாள். கெங்கமுத்து கையில் துடைப்பம் வந்தது. அவர் கூட்டுகிற இடத்துக்கெல்லாம் செவலை எட்டிப் போய் மிச்ச மீசையையும் நக்கிவிடுமாம்.

ராஜா கொடுத்த மயிலைப் பசுவையும் கன்றையும் பிடித்துக்கொண்டு நாச்சாயி கடைத்தெரு நடுவே நடந்தாள், தலை குனியாமல். சிரித்த நாலு ஆளும் ஒதுங்கி வழி விட்டார்கள். கன்று குடித்தது போக மிச்சத்தைக் கறந்து, ஆற்றி, பிள்ளைக்குச் சங்கில் புகட்டினாள். அது குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டது.

செய்தவர் பேரைச் செய்தவருக்கே கொடுக்க வேண்டும், கண்ணுகளா. அந்தப் பிள்ளை தூங்கிவிட்டது, கன்று தூங்கிவிட்டது, கதையும் கண்ணை மூடிக்கொண்டது.