மூன்று காளைகளும் செம்மண் பூசிய கன்றுகளும்

மலைகளுக்கு எல்லைக்கல் நடாத காலம் அது. வெண்குன்றம் என்றொரு நாடு இருந்தது. சேந்தன் என்ற அரசன் அதை ஆண்டுவந்தான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இது மாடுகளின் கதை.

அந்த நாட்டில் நெல் விளையாது. பாறை, புல், மறுபடியும் பாறை. கொஞ்சம் தினை, கொஞ்சம் கொள்ளு, மற்றபடி மாடுதான் சோறு. அரசனின் பட்டியில் முந்நூறு பசுக்கள் நின்றன. ஒவ்வொரு தை மாதமும் வளர்ந்த எருதுகளை அறுத்து, வீட்டுக்கு ஒரு பங்கு இறைச்சி கொடுப்பார்கள். அதை உப்பிட்டு உலர்த்தி வைத்தால் அடுத்த மழை வரை ஒரு குடும்பம் பசியில்லாமல் இருக்கும்.

சேந்தன் நல்ல அரசன்தான். ஆனால் அவனிடம் ஒரு காளை இருந்தது. பெயர் வெண்தேர். வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. ஆள் உயரத்துக்குத் திமில், கொம்புக்குப் பொன் குப்பி, கழுத்து நிறையச் சலங்கை. அது தெருவில் நடந்தால் தறியில் இருப்பவர்கள் எழுந்து ஓடிவருவார்கள்; அடுப்பில் பால் பொங்கி வழியும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"வெண்தேரைப் பழித்துப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் நாட்டை விட்டுப் போக வேண்டும்" என்று அரசன் பறையறைந்து சொல்லியிருந்தான். பட்டியிலிருந்த பசுக்களையெல்லாம் சினையாக்கும் பொலிகாளை அந்த ஒன்றுதான்.

வெண்தேர் பட்டிக்கு வந்து சில ஆண்டுகள் ஆயின. ஒரு தை மாதம் வீட்டுக்கு ஒரு கூடை இறைச்சி கிடைத்தது. அடுத்த தையில் அரைக் கூடை. அதற்கடுத்த தையில் ஓர் இலையில் மடித்துக் கொடுத்தார்கள்.

அரசன் பட்டித்தலைவன் பிட்டனைக் கூப்பிட்டுக் கேட்டான். "புல் சரியில்லை அரசே" என்றான் பிட்டன். பழைய புல்லை எரித்தார்கள், புதுப்புல் வந்தது, கன்றுகள் தேறவில்லை. "கண்ணேறு பட்டிருக்கிறது அரசே" என்றான். பட்டி முழுக்க வேப்பிலை கட்டினார்கள், அதற்கும் கன்றுகள் தேறவில்லை. "பசுக்களே சரியில்லை அரசே" என்றான் கடைசியில்.

"அப்படியானால் நூறு பசுக்களைக் கழித்துவிடு" என்றான் அரசன்.

இந்தச் செய்தி கொற்றியின் காதில் விழுந்தபோது அவள் கையில் முழங்கை வரை எண்ணெய். அந்த நாட்டில் பசுக்களுக்குப் பேறு பார்க்கிறவள் அவள்தான். கன்று உள்ளே மாட்டிக்கொண்டால் கைவிட்டுத் திருப்பி இழுத்துப் போடுவாள். சிரித்தால் அடுத்த குன்றுக்குக் கேட்கும். ஆனால் அன்று அவள் சிரிக்கவில்லை.

"பசுவில் என்ன குறை? அந்த வெள்ளைக் காளையின் கன்றுகளுக்குத் தலை பெரிது, கால் நீளம், நெஞ்சு ஒடுக்கம். தாயையும் வதைக்கிறது, தானும் தேறுவதில்லை. இந்தக் கையால் எத்தனை இழுத்திருக்கிறேன்!" என்றாள்.

அவள் கணவன் வேம்பன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். "மெல்லப் பேசு! காளையைப் பழித்தால் நாட்டை விட்டுத் துரத்துவார்கள். உனக்கு எதற்கு இந்த வம்பு?"

"நூறு பசு போகப்போகிறது. அதில் பாதியின் முகம் எனக்குத் தெரியும்" என்றாள் கொற்றி. கையைக் கழுவிக்கொண்டு நேரே அரசனிடம் போனாள். வேம்பன் தலையில் கைவைத்தபடி பின்னாலேயே போனான்.

"அரசே, குறை எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முப்பது பசு கொடுங்கள், மூன்று காளை கொடுங்கள், மூன்று மழைக்காலம் கொடுங்கள். கன்றுகளையே கேட்டுச் சொல்கிறேன். அதுவரை அந்த நூறு பசுக்களையும் யாரும் தொட வேண்டாம்."

"கன்று பேசுமா?"

"நன்றாகவே பேசும் அரசே. நின்று கேட்கத்தான் ஆள் இல்லை."

அரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கேள். பதில் கிடைக்காவிட்டால்?"

"நீங்கள் துரத்த வேண்டாம். நானே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவேன்."

வேம்பன் அங்கேயே மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டான்.

மூன்று காளைகள் வந்தன. முதலாவது வெண்தேர். இரண்டாவது பிட்டனின் சிவப்புக் காளை செந்தீ. ஆளைக் கண்டால் முட்ட வரும். மூன்றாவது, உப்பு வணிகர்கள் கால் நொண்டுகிறதென்று வழியில் விட்டுப்போக, வேம்பன் பச்சிலை கட்டித் தேற்றி வைத்திருந்த ஒரு காளை. சேற்று நிறம், குட்டைக் கால், ஒரு காது கிழிசல். எல்லாரும் அதைக் குட்டையன் என்றார்கள்.

முப்பது பசுக்களைப் பத்துப் பத்தாகப் பிரித்தாள் கொற்றி. இடுப்பு அகன்ற, நல்ல வாட்டமான பத்துப் பசுக்களை வெண்தேரிடம் விட்டாள். நடுத்தரமானவை செந்தீக்கு. மெலிந்து மிஞ்சிய பத்தும் குட்டையனுக்கு.

"நம் காளைக்கா இந்த நோஞ்சான்கள்?" என்று வேம்பன் சண்டைக்கு வந்தான்.

"அகன்ற இடுப்புக்காரிகள்தான் வெள்ளைக்காளையின் கன்றைப் பெற்றுப் பிழைப்பார்கள். ஒரு பசுவும் சாகக்கூடாது. நாளைக்கு யாரும் நான் வஞ்சகம் செய்தேன் என்றும் சொல்லக்கூடாது" என்றாள் அவள்.

காளைகளை ஒரே ஒரு மாதம்தான் பசுக்களோடு விட்டாள். அப்படிச் செய்ததால் கன்றுகள் எல்லாம் புதுப்புல் முளைக்கும் நாட்களில் ஒன்றாகப் பிறந்தன. மேய்ச்சல் நிலத்தை முள்வேலியால் மூன்றாகப் பிரித்தாள். ஒன்றில் மாடுகள் மேயும்போது மற்ற இரண்டும் தழைத்துக்கொண்டிருக்கும். எல்லாக் கன்றுக்கும் ஒரே புல், ஒரே தண்ணீர், நக்குவதற்கு ஒரே உப்புப்பாறை.

கன்று பிறந்ததும் பிட்டன் வந்து காதின் உட்பக்கம் வெட்டுக்குறி போட வேண்டும் என்பது ஏற்பாடு. வெண்தேர் கன்றுக்கு ஒரு வெட்டு, செந்தீ கன்றுக்கு இரண்டு, குட்டையன் கன்றுக்கு மூன்று.

ஒரு நண்பகலில் வெண்தேரின் கன்று ஒன்று வரமாட்டேன் என்றது. தாய்ப்பசு மண்ணில் கிடந்து முக்கியது. கொற்றி இழுத்தாள், முடியவில்லை. குறிபோட வந்த பிட்டன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவளோடு சேர்ந்து இழுத்தான். வெயில் சாயும் நேரத்தில் கன்று வெளியே வந்து விழுந்தது. தாயும் பிழைத்தது.

பிட்டன் வியர்வையைத் துடைத்தான். "தலையைப் பார் தங்கச்சி, பூசணிக்காய் மாதிரி. எனக்கு முன்பே தெரியும்."

"தெரியுமா? பிறகு ஏன் அண்ணா புல்லின் மேலும் பசுவின் மேலும் பழியைப் போட்டீர்கள்?"

பிட்டன் தன் காதிலிருந்த பொன் கடுக்கனைத் தொட்டுக் காட்டினான். "இது அரசர் போட்டது. பயம்தான், வேறென்ன?" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான்.

எட்டு மாதமானதும் கன்றுகளைப் பால் மறக்கச் செய்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் தாய், இந்தப்பக்கம் கன்று. முகம் பார்க்கலாம், மூக்கை உரசலாம், மடி எட்டாது. மூன்று நாள் ஊரே தூங்க முடியாதபடி கத்தின. நான்காம் நாள் தலையைக் குனிந்து புல்லை மேயத் தொடங்கின.

மூன்றாவது மழையும் பெய்து ஓய்ந்தது. அரசன் வரும் நாள் வந்தது.

அன்று காலை கொற்றி ஊராரை எல்லாம் குளக்கரைக்குக் கூப்பிட்டாள். "நிறத்தைப் பார்த்துக் கண் மயங்கும். இன்றைக்கு எல்லாக் கன்றும் ஒரே நிறம்!" என்றாள். ஒரே கூத்துத்தான். பெண்களும் ஆண்களும் செம்மண்ணைக் குழைத்துக் கன்றுகளின் மேல் பூசினார்கள். கன்றுகள் சிலிர்த்து உதறியதில் அவர்களும் செம்மண்ணாகி நின்றார்கள். ஒரு முரட்டுக் கன்று வேம்பனை இழுத்துக்கொண்டே குளத்துக்குள் போய்விட்டது. கொற்றி சிரித்த சிரிப்பு அரண்மனை வரை கேட்டதாம்.

அரசன் வந்தான். முப்பது செந்நிறக் கன்றுகள். எது யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அரசே, மாடு பார்ப்பதில் உங்களுக்கு நிகர் இல்லை. இவற்றில் சிறந்த மூன்றை நீங்களே எடுங்கள். மோசமான மூன்றையும் நீங்களே எடுங்கள்" என்றாள் கொற்றி.

அரசன் முதலில் கண்ணால் பார்த்தான். பிறகு கையால் பார்த்தான். முதுகின் சதையை அழுத்தினான், விலாவைத் தடவினான், கயிறு போட்டு நெஞ்சின் சுற்றளவை அளந்தான். பிறகு எல்லாவற்றையும் மேட்டில் ஏற்றி நடை பார்த்தான். மூன்றைப் பிரித்து வலப்பக்கம் நிறுத்தினான். நெஞ்சு அகன்று, முதுகு பலகையாய், சாதுவாய் நின்றன. வேறு மூன்றை இடப்பக்கம் தள்ளினான். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

"இவை எந்தக் காளையின் கன்றுகள்?" என்று கேட்டான்.

"குறி போட்டவர் பிட்டன் அண்ணன். அவரே படிக்கட்டும்."

கூட்டம் முண்டியடித்து நெருங்கியது. பிட்டன் வலப்பக்கம் போனான், காதைத் திருப்பினான். "மூன்று வெட்டு. குட்டையன்." அடுத்தது. "மூன்று வெட்டு. குட்டையன்." அடுத்தது. "குட்டையன், அரசே."

இடப்பக்கம் போனான். அரசனை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை. "ஒரு வெட்டு. வெண்தேர். இதுவும் வெண்தேர். இதுவும்."

அரசன் முகம் இருண்டது. வேம்பன் கண்ணை மூடிக்கொண்டான். கடுக்கனைக் கழற்றி அரசனின் காலடியில் வைத்தான் பிட்டன். "எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை. குற்றம் என்னுடையது" என்றான்.

அரசன் கடுக்கனையும் கன்றுகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "அந்தக் குட்டையன் எங்கே?"

வேலியோரம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது அது. அரசன் பக்கத்தில் போய் நின்றான். அது எழுந்திருக்கவில்லை. கிழிந்த காதை ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி அசைபோட்டது. அரசனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் சிரிக்க, கொற்றி சிரிக்க, ஊரே சிரித்தது.

"இதை மூன்று ஆண்டுக்கு முன்பே ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றான் அரசன்.

"சொல்லியிருந்தால் நீங்கள் என்னைத்தான் பார்த்திருப்பீர்கள், கன்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள்."

"என் வெண்தேரை என்ன செய்வது?"

"அதன் மேல் என்ன பிழை அரசே? திருவிழாவில் அது முன்னே நடக்கட்டும், நாங்கள் எல்லாரும் ஓடிவந்து பார்க்கிறோம். பசுக்களிடம் மட்டும் விட வேண்டாம்."

பறையறைந்து அறிவித்த ஆணையை அரசன் அன்றே திரும்பப் பெற்றான். நூறு பசுக்களும் பிழைத்தன. பிட்டனின் கடுக்கனைத் தானே எடுத்து அவன் காதில் மாட்டி, "இனி இதைப் போட்டுக்கொண்டு உண்மையைச் சொல்" என்றான். எந்தக் காளை எந்தப் பசுவுக்கு என்று முடிவுசெய்யும் உரிமையைக் கொற்றிக்குக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு வந்த நான்காவது தையில் வீட்டுக்கு ஒன்றரைக் கூடை இறைச்சி கிடைத்தது. தெருவெல்லாம் அடுப்பு, அடுப்பெல்லாம் மிளகு மணம். கொற்றி வீட்டில் அரசனே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். மூன்றாம் முறை கேட்டு வாங்கியபோது, வேம்பன் பயமில்லாமல், "கொஞ்சம் எங்களுக்கும் வையுங்கள் அரசே" என்றான்.

ஆகவே கேட்டவர்களே, எவரையும் தோற்றத்தாலும் புகழாலும் மதிக்காமல், அவரால் விளையும் பயனை நேரில் பார்த்தே மதிக்க வேண்டும்.